காலி மனையில் எதைத் தொடங்குவது? நகர்ப்புற விவசாயத்தின் ஐந்து வழிகளும், விளைவிக்காத ஆறாவது வழியும்

குடியிருப்புகளுக்கு நடுவே கொஞ்சம் நிலம் சும்மா கிடக்கிறது. அதன் உரிமையாளர் மூன்று வருடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறார். சுற்றியிருக்கும் வீடுகளில் பலவற்றில், மாதக் கடைசியில் கை இறுகும்போது முதலில் குறைவது காய்கறிதான். எல்லோரும் கூடிப் பேசுகிறார்கள். ஒருவர், ஆளுக்கொரு பாத்தி பிரித்துக் கொடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், ஒரே பண்ணையாக நடத்தி விளைச்சலைப் பங்கிடலாம் என்கிறார். ஓர் இளைஞர் கைப்பேசியில், ஊதா விளக்கொளியில் அடுக்கடுக்காகக் கீரை வளரும் படத்தைக் காட்டுகிறார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "இதுக்கெல்லாம் ஆகிற காசுல காயாவே வாங்கிக் கொடுத்துடலாமே" என்கிறார்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாலும் ஒரே கேள்விக்கான பதில்கள் இல்லை. பக்கத்தில் காய் விளைவது ஒரு வேலை. அந்தக் காய், அது இல்லாத வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர்வது வேறு வேலை. 1996-இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்பை வரையறுத்தபோது, உணவு எங்கோ இருந்தால் போதும் என்று சொல்லவில்லை. எல்லோரும் எப்போதும் அதை அடைய முடிய வேண்டும், அது அவர்கள் கைக்காசுக்கும் எட்ட வேண்டும் என்றது. நகர்ப்புற விவசாயத்தின் பல வழிகள் முதல் வேலையை நன்றாகச் செய்கின்றன. இரண்டாவதைச் செய்பவை குறைவு. கீழே ஒவ்வொரு வழியையும் அந்த இரண்டாவது வேலையை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது நாளுக்கு 1.6 கிலோ, வருடத்துக்கு ஏறக்குறைய 584 கிலோ. ஓரளவு கவனத்தோடு பார்த்துக்கொள்ளும் பாத்தியில், சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 3 கிலோ எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வீட்டுக்கு 200 சதுர மீட்டர் வேண்டும். பிரிட்டனில் மக்களுக்குக் குத்தகைக்கு விடும் தோட்டத் துண்டின் வழக்கமான அளவு 10 'ராட்', அதாவது சுமார் 250 சதுர மீட்டர். ஒரு குடும்பத்துக்குப் போதுமான காய்க்கு இவ்வளவு நிலம் வேண்டும் என்று அங்கே பழக்கத்தில் வந்த அளவும், நாம் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன.

இதை 1,000 சதுர மீட்டர் மனைக்குப் பொருத்திப் பார்ப்போம். நடைபாதை, மட்குக் குழி, கருவி வைக்கும் இடம் எல்லாம் போக 600 சதுர மீட்டர் பயிருக்கு மிஞ்சும். அதில் வருடத்துக்கு 1,800 கிலோ. மூன்று குடும்பங்களின் முழுத் தேவைக்குத்தான் இது போதும். அறுபது குடும்பங்களுக்குப் பிரித்தால், வீட்டுக்கு வாரம் அரை கிலோவுக்குச் சற்று மேல். கூட்டத்தில் யாராவது "இந்தத் தோட்டம் நம்ம ஏரியாவுக்கே சோறு போடும்" என்று சொல்லும்போது இந்த எண்ணை மெதுவாகச் சொல்லிவிடுங்கள். ஆசையைக் கெடுப்பதற்காக இல்லை. பிறகு வரும் ஏமாற்றம்தான் தோட்டங்களைக் காலி செய்கிறது. தானியமும் பருப்பும் எண்ணெயும் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நகரத்துத் துண்டு நிலம் தரக்கூடியது காய், கீரை, கொஞ்சம் பழம்.

அதற்காக இதைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைகளிலும் பூங்காக்களிலும் சுமார் 2 கோடித் தோட்டங்கள் போட்டார்கள். அந்நாட்டின் காய்கறியில் 40 சதவீதம் வரை அவற்றிலிருந்து வந்ததாக மதிப்பிட்டார்கள். கொல்லை இருந்தது, அரசின் உந்துதல் இருந்தது, கடையில் பங்கீட்டு அட்டை இருந்தது. போர் முடிந்ததும் பெரும்பாலான தோட்டங்கள் புல்தரைக்குத் திரும்பிவிட்டன. ஆகவே விளைவிக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யார் செய்வார்கள், எவ்வளவு காலம் செய்வார்கள் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஆளுக்கொரு பாத்தி

எனக்கு மனத்துக்கு நெருக்கமான வழி இதுதான், அதனால் இதன் குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இதன் பெரிய பலம், விளைச்சலுக்கும் வாய்க்கும் நடுவே யாரும் இல்லை என்பது. விலை போட வேண்டாம், வண்டி வேண்டாம், பயனாளிகள் பட்டியல் வேண்டாம். பறித்தவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். தன் வீட்டில் எதைச் சாப்பிடுவார்களோ அதை விதைக்கிறார். யாரிடமும் கை நீட்டவில்லை. இலவசப் பை வாங்க வரிசையில் நிற்கக் கூச்சப்படும் ஒருவர், தன் பாத்தியில் பறித்த கத்தரிக்காயை நிமிர்ந்து நடந்து எடுத்துச் செல்வார், அதிகமானதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பார். இந்த மரியாதையைக் கிலோக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஒரு தோட்டம் நீடிப்பதும் சிதைவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான்.

பலவீனம், நேரம். 20 சதுர மீட்டர் பாத்திக்கு வாரம் இரண்டிலிருந்து நாலு மணி நேரம் வேண்டும். காய்கறி வாங்கச் சிரமப்படுபவர்கள்தான் பெரும்பாலும் இரண்டு வேலை பார்ப்பவர்கள், சிறு குழந்தை வைத்திருப்பவர்கள், உடம்பு முடியாதவர்கள். அறிவிப்புப் பலகை வைத்து, "முதலில் வருபவர்களுக்கு முன்னுரிமை" என்று போட்டால் முதலில் வருபவர்கள் ஓய்வு பெற்றவர்களும், தோட்டக்கலையில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களும்தான். அவர்களும் வேண்டியவர்களே. ஆனால் எதற்காக ஆரம்பித்தோமோ அந்த வேலை நடக்காது.

நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் மாலை ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட வேண்டும் என்று விதி இருந்தது. துப்புரவு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் வீடு திரும்ப ஏழு ஆகிவிடும். மூன்றாம் மாதத்தில் பாதிப் பாத்திகளில் களை. "அக்கறை இல்லாதவங்க" என்று பேசிக்கொண்டார்கள். பிறகு கதவுக்கு எண் பூட்டு போட்டு, எண்ணை எல்லோருக்கும் கொடுத்து, ஒரு விளக்கும் மாட்டினோம். இரவு எட்டு மணிக்கு நாலு பேர் பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றும் காட்சியை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அந்த மாதங்களில் விட்டுப் போனவர்களில் சிலர் திரும்ப வரவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

தண்ணீரும் அப்படித்தான். வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 4 அல்லது 5 லிட்டர் வேண்டும். 20 சதுர மீட்டருக்கு 80 முதல் 100 லிட்டர், அதாவது பத்து லிட்டர் பூவாளியில் எட்டு முதல் பத்து நடை. குழாய் ஒரே மூலையில் இருந்தால் முதலில் நின்றுபோவது வயதானவர்கள். பணம் குறைவாக இருந்தால் வேலிக்குக் குறைத்து, குழாய்க்குச் செலவழியுங்கள்.

பாத்தியின் அளவிலும் அவசரம் வேண்டாம். புதியவருக்கு 250 சதுர மீட்டர் என்பது தண்டனை. 10 சதுர மீட்டரில் தொடங்கி, ஒரு பருவம் நன்றாகச் செய்தவருக்கு அடுத்ததைக் கொடுக்கலாம்.

ஒரே பண்ணை, ஒரே பொறுப்பாளர்

நிலம் முழுவதையும் அனுபவமுள்ள ஒருவர் கையில் கொடுத்தால் விளைச்சல் தெளிவாகக் கூடும். ஒரு பாத்தி காலியாகும் முன்பே அடுத்ததுக்கு நாற்று தயாராக இருக்கும். எல்லோரும் ஒரே வாரத்தில் தக்காளி பறித்துத் திணறும் நிலை வராது. நேரம் இல்லாதவருக்கும், படுக்கையில் இருப்பவருக்கும் காய் போய்ச் சேர வழி பிறக்கும். சென்று சேர்வதை மட்டும் பார்த்தால், காகிதத்தில் இதுதான் சிறந்த வழி.

சிக்கல், அந்த ஒருவரின் சம்பளம். நம் மனையில் திறமையால் விளைச்சலை 3,000 கிலோவுக்கு உயர்த்தினாலும், அதை ஏழைகள் வாங்கக்கூடிய விலைக்கு விற்று ஒருவருக்கு வாழ்க்கைக்குப் போதுமான சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் மெதுவாக ஒன்று நடக்கிறது. நல்ல விலை கொடுக்கும் உணவகத்துக்கு ஒரு பெட்டி போகிறது. அடுத்த மாதம் இரண்டு பெட்டி. இரண்டு வருடத்தில் பண்ணை நன்றாக நடக்கும், பக்கத்து வீடுகள் மட்டும் வேலிக்கு வெளியே நிற்கும். யாருடைய கெட்ட எண்ணமும் இதற்குக் காரணம் இல்லை. வரவும் செலவும் அந்தப் பக்கம்தான் இழுக்கின்றன.

மான்யம் வாங்கி நடத்தினால்? அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முன்னாள் கூடைப்பந்து வீரரான வில் ஆலன் 1993-இல் தொடங்கிய 'குரோயிங் பவர்' இதன் உச்சத்தைத் தொட்டது. மீனும் கீரையும் சேர்த்து வளர்த்தார்கள், மலை மலையாக மட்கு செய்தார்கள், எத்தனையோ இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2008-இல் ஆலனுக்கு அமெரிக்காவின் பெயர்பெற்ற மெக்ஆர்தர் விருது கிடைத்தது. 2017-இல் கடன் சுமையில் அந்த அமைப்பு மூடப்பட்டது. அவர் செய்தது தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே கற்றவர்கள் பல ஊர்களில் மண்ணில் இறங்கினார்கள். ஆனால் ஒரு குடியிருப்பின் காய்கறித் தேவையை மான்யத்தில் மட்டும் தொங்கவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நேரான பாடம் எனக்குத் தெரியாது.

இந்த வழி நிலைத்த இடங்களைப் பார்த்தால், பின்னால் ஒரு அரசோ நகர நிர்வாகமோ இருக்கிறது. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியதும் கியூபாவுக்கு எரிபொருளும் உரமும் வருவது சுருங்கிப் போனது. ஹவானாவின் காலி இடங்களில் தாழ்வான சுவர் கட்டி, உள்ளே மட்கு நிரப்பி, 'ஆர்கனோபோனிகோ' என்ற பாத்திப் பண்ணைகளைப் போட்டார்கள். பண்ணை ஓரத்திலேயே விற்பனை மேசை. எரிபொருள் இல்லாத ஊரில் அந்த மேசைதான் முக்கியமான கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போதும் கோதுமையும் அரிசியில் பெரும்பகுதியும் வெளியிலிருந்துதான் வந்தன.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரம் இன்னும் நெருக்கமான உதாரணம். பொருளாதாரம் சரிந்து வேலை போனவர்களுக்காக 2002-இல் அங்கே நகர விவசாயத் திட்டம் தொடங்கியது. நகராட்சி பயன்படாத நிலங்களைக் கொடுத்தது, பயிற்சி தந்தது, விளைந்ததை விற்க நிரந்தரச் சந்தைகளைத் திறந்தது, நகரத் திட்ட வரைபடத்திலேயே விவசாயத்துக்கு இடம் ஒதுக்கியது. விளைவித்தவர்களுக்கு உணவும் கிடைத்தது, வருமானமும் கிடைத்தது. இருபது வருடம் நெருங்கும்போது உலக வள நிறுவனத்தின் ராஸ் மையம் நகரங்களுக்காகத் தரும் பரிசு இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. ரொசாரியோவைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அந்த நகராட்சி செய்தவற்றில் எத்தனை தங்கள் ஊரில் நடக்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

மாடியில்

நிலமே இல்லாத இடங்களில் மாடி நினைவுக்கு வருவது இயல்பு. வெயில் தாராளம், மண்ணில் பழைய நச்சு படிந்திருக்கும் என்ற கவலை இல்லை, ஆடு மாடு வராது. நியூயார்க்கில் 2010-இல் தொடங்கிய 'புரூக்ளின் கிரேஞ்ச்' ஏறக்குறைய ஒரு ஏக்கர் மொட்டை மாடியில் மண் பரப்பி விவசாயம் செய்து காட்டியது. அவர்கள் காய் விற்பதோடு நிறுத்தவில்லை. நிகழ்ச்சிகளுக்கு இடம் வாடகைக்கு விட்டும், பிறருக்கு மாடித் தோட்டம் அமைத்துக் கொடுத்தும் வருமானம் தேடினார்கள். காய் மட்டும் அந்தச் செலவைத் தாங்குவது கடினம்.

எடைதான் முதல் தடை. நனைந்த தோட்ட மண் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டாலே சதுர மீட்டருக்கு 300 கிலோ. வீடுகளின் மேல்தளங்கள் பல, 150 அல்லது 200 கிலோ கூடுதல் சுமைக்குத்தான் கட்டப்பட்டிருக்கும். தேங்காய்நார்த் தூளும் மட்கும் கலந்த இலேசான ஊடகம் இதைப் பாதியளவுக்குக் குறைக்கும், என்றாலும் கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்காமல் ஒரு தொட்டிகூட வைக்க வேண்டாம். அப்புறம் நீர்க்கசிவு. கீழ்வீட்டுக் கூரையில் ஒரு ஈரத் திட்டு தெரிந்தால் அத்தனை நல்லெண்ணமும் ஒரே நாளில் கரைந்துவிடும்.

சமூகத்துக்கான உணவு என்று பார்த்தால், படிக்கட்டு இன்னொரு வேலி. ஐந்தாவது மாடிக்கு முழங்கால் வலியோடு யாரும் ஏற மாட்டார்கள். ஆனால் கீழே ஒரு பள்ளிச் சமையலறையோ மருத்துவமனைச் சமையலறையோ இருந்தால் நிலைமை மாறிவிடும். மேலே பறித்தது கீழே வேகும். யாருக்குப் போய்ச் சேரும் என்ற கேள்வியே எழாது.

விளக்கொளியில் அடுக்கடுக்காக

அந்த இளைஞரின் படத்துக்கு வருவோம். மண்ணில்லாமல், ஊட்டக் கரைசலில், செயற்கை விளக்கின் கீழ் வளர்க்கும் முறையில் தண்ணீர் மிகவும் மிச்சமாகும், பூச்சிமருந்து தேவைப்படாது, மழையும் வெயிலும் பொருட்டில்லை. இதெல்லாம் உண்மை. சூரியன் இலவசமாகத் தருவதை இங்கே மின்கட்டணம் கட்டி வாங்குகிறோம் என்பதும் உண்மை. ஒரு கிலோ லெட்டூஸ் வளர்க்க இப்படிப்பட்ட பண்ணைகளில் 10 யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் போவது சாதாரணம். அந்த ஒரு கிலோ இலையில் இருக்கும் உணவாற்றல் ஏறக்குறைய 150 கலோரி. ஒரு பெரியவருக்கு நாளுக்கு 2,000 கலோரி வேண்டும். இந்த முறையில் லாபமாக வளர்வது பெரும்பாலும் இலைகளும் நறுமணத் தழைகளும்தான் என்பதும், அவை விலை உயர்ந்த கடைகளைத் தேடிப் போவதும் இதன் தொடர்ச்சிதான்.

பெரும் முதலீட்டோடு இதில் இறங்கிய அமெரிக்க நிறுவனங்களே தடுமாறின. 'ஏரோஃபார்ம்ஸ்' 2023-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. 'பவரி ஃபார்மிங்' 2024-இல் மூடியது. 'பிளென்டி' 2025-இல் திவால் மனு போட்டது. சிங்கப்பூர், உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு. 2030-க்குள் 30 சதவீதத் தேவையை உள்ளேயே விளைவிப்போம் என்று 2019-இல் அறிவித்தது. 2025-இல் அதை விட்டுவிட்டு, 2035-க்கான வேறு இலக்குகளுக்கு மாறியது. அவர்களுக்கு அது தேவைப்பட்டதன் காரணம் வேறு. எல்லை மூடினால் தட்டில் ஏதாவது இருக்க வேண்டும் என்ற கவலை அது. நம் குடியிருப்பில் எல்லை மூடவில்லை, காசுதான் இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் காய் சேர வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், இந்த வழியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். அந்த இளைஞரின் ஆர்வத்தை வீணாக்க வேண்டாம். ஒரு அலமாரியும் இரண்டு விளக்கும் கொடுத்தால் எல்லாப் பாத்திகளுக்கும் அவர் நாற்று வளர்த்துத் தருவார்.

வீட்டுத் தொட்டிகள் பற்றிச் சுருக்கமாக. பால்கனியில் நாலு தொட்டி கீரை, மிளகாய், நறுமணத் தழைகளுக்குச் சரி. மலிவு, உடனே தொடங்கலாம், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவருக்கு இது ஒன்றே வழி. வெயில் விழாத சன்னல் உள்ள வீட்டுக்குத் தொட்டி கொடுப்பதில் பயனில்லை, அங்கேதான் நிறைய கொடுக்கப்படுகிறது.

விளைவிக்காமல் வாங்கிக் கொடுப்பது

பின்வரிசை அம்மாவின் கேள்விக்குப் பல கூட்டங்களில் சிரித்து மழுப்புவார்கள். அது தவறு. இதுதான் மற்ற எல்லா வழிகளையும் அளக்க வேண்டிய கோல்.

காய்கறிக் கடை பக்கத்தில் இல்லை என்பதுதான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறோம். அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதலை ஆராய்ந்து 2019-இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வசதியானவர்களுக்குக் கிடைக்கும் அதே பொருட்களை அதே விலையில் வசதி குறைந்தவர்களுக்கும் கிடைக்கச் செய்தால், ஊட்டச்சத்து ஏற்றத்தாழ்வில் 10 சதவீதம் அளவுக்குத்தான் குறையும் என்று அது கணக்கிட்டது. தூரம் ஒரு காரணம், பெரிய காரணம் இல்லை. வேலிக்குள் தோட்டம் போட்டாலே வேலிக்கு வெளியே தட்டு மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வாங்கும் சக்தியைக் கூட்டினால் என்ன ஆகும்? மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2011-12-இல் ஒரு சோதனை நடந்தது. அரசின் உணவு உதவி பெறுபவர்கள் காய், பழத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் அவர்கள் கணக்கில் திரும்ப வரும். அந்தச் சலுகை பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம் காயும் பழமும் சாப்பிட்டார்கள். பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டே நகரம் 1993-இலிருந்து வேறு பாதையில் போனது. நல்ல விற்பனை நடக்கும் இடங்களில் கடை நடத்த வியாபாரிகளுக்கு அனுமதி கொடுத்து, பதிலுக்குக் குறிப்பிட்ட காய்கறிகளை நகராட்சி நிர்ணயித்த குறைந்த விலைக்கு விற்க வைத்தது. கூடவே மலிவு விலை உணவகங்களையும் நடத்தியது.

ஆக, கையில் பணம் இருந்து, அவசரமும் இருந்தால், மொத்தச் சந்தையில் வாங்கி வாரம் ஒருமுறை குடியிருப்புக்குள் கொண்டுவந்து அடக்க விலைக்குத் தருவதை எந்தத் தோட்டமும் கிலோக் கணக்கில் வெல்லாது. இதைத் தோட்டக்காரனான நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் தோட்டம் எதற்கு? பணம் நின்ற வாரமே அந்த வண்டி நின்றுவிடும், தோட்டம் நிற்காது. விலை ஏறும் மாதங்களில் பாத்தியில் விலை ஏறாது. தான் நட்டதைக் குழந்தை கடித்துப் பார்க்கும். இவை போதுமான காரணங்கள். ஆனால் பசியோடு இருக்கும் வீட்டிடம், நாற்று காய்க்கும் வரை மூன்று மாதம் பொறுத்திரு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

எந்த வழியானாலும் தப்ப முடியாத இரண்டு

ஒன்று மண். நகரத்துக் காலி மனை என்றால் அங்கே முன்பு ஏதோ இருந்திருக்கும். இடித்த வீட்டின் பழைய பெயின்ட், பழைய பட்டறை, சாலைப் புகை. ஈயம் கலந்த பெட்ரோலை உலகின் கடைசி நாடு நிறுத்தியதே 2021-இல்தான். மண்ணில் படிந்த ஈயம் மழையில் கரைந்து போய்விடாது, தலைமுறைகளுக்கு அங்கேயே கிடக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடியிருப்பு மண்ணில் கவனிக்க வேண்டிய ஈய அளவை 2024-இல் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200-ஆகக் குறைத்தது. சிறு குழந்தைகளின் மூளையைத்தான் ஈயம் முதலில் தாக்கும். காயைச் சாப்பிடுவதைவிட, கையில் ஒட்டிய மண்ணும் கழுவாத கீரையில் படிந்த தூசியும் பெரிய ஆபத்து. கிழங்குகளிலும் கீரையிலும் அதிகம் சேரும், தக்காளி போன்ற காய்களில் குறைவு. சோதனைக்குக் கொடுங்கள். அளவு கூடுதலாக இருந்தால், தடுப்புத் துணி விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண்ணில் மேட்டுப்பாத்தி போடுங்கள். பாதைகளில் மரத்தூள் பரப்புங்கள். இந்தச் செலவைச் சேர்க்காமல் எந்த வழியையும் மலிவு என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று காகிதம், அதாவது நிலத்தின் மேல் எழுத்தில் உள்ள உரிமை. லாஸ் ஏஞ்சலிஸின் தெற்குப் பகுதியில் 14 ஏக்கரில் சுமார் 350 குடும்பங்கள் பத்து வருடத்துக்கு மேல் பயிர் செய்த தோட்டம் இருந்தது. 2006 ஜூனில் காவலர்கள் வந்து வெளியேற்றினார்கள், பிறகு புல்டோசர் ஓடியது. நிலம் அவர்கள் பெயரில் இல்லை. நியூயார்க்கில் 1999-இல் நகராட்சி 114 தோட்டங்களை ஏலம் விடப் போனது. இரண்டு தொண்டு அமைப்புகள் கடைசி நேரத்தில் அவற்றை வாங்கியதால் பிழைத்தன. பிரிட்டனில் 1908-ஆம் ஆண்டுச் சட்டம், தேவை இருந்தால் தோட்டத் துண்டுகள் தருவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. 1925-ஆம் ஆண்டுச் சட்டம், அதற்காகவே வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்று தடுத்தது. நூறு வருடம் கழித்தும் அங்கே தோட்டங்கள் இருப்பதற்கு மண் காரணம் இல்லை.

சரி, எதைத் தேர்வது?

நம் 1,000 சதுர மீட்டர் மனைக்கு, மூன்று வருட ஒப்பந்தத்தோடு, என் பதில் இது. பயிரிடும் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை 10 சதுர மீட்டர் பாத்திகளாகப் பிரித்து, நாற்பது வீடுகளுக்குக் கொடுப்பேன். பலகை வைத்து அழைக்காமல், வீடு வீடாகப் போய்க் கேட்டு, பாதிக்குமேல் நேரமும் காசும் குறைந்தவர்களுக்கு ஒதுக்கி வைப்பேன். மீதி 200 சதுர மீட்டரைப் பகுதிநேரச் சம்பளத்தில் ஒருவர் பொதுப் பாத்தியாகப் பார்த்துக்கொள்வார். அவர்தான் நாற்று தருவார், ஊருக்குப் போனவர் பாத்திக்குத் தண்ணீர் விடுவார், புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்தச் சம்பளத்துக்கு மூன்று வருடப் பணம் முன்கூட்டியே உறுதியாகாவிட்டால் பொதுப் பாத்தியே வேண்டாம். அதன் விளைச்சல் வாரம் ஒரு மாலை வாசலில் ஒரு மேசைக்கு வரும். அதே மேசையில் மொத்தச் சந்தையில் வாங்கிய காயும் அடக்க விலைக்கு இருக்கும். பாத்தி வேண்டாதவரும் அங்கே வரலாம்.

ஒப்பந்தம் பத்து வருடமானால் பழமரம் நடலாம். ஒரு வருடம்தான் என்றால் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டிப் பாத்திகள் போதும். நகராட்சி முழுமையாகப் பின்னால் நின்றால் மட்டும் ஒரே பண்ணை வழிக்குப் போகலாம். சமையலறை உள்ள கட்டடமானால் மாடி. நிலமும் இல்லை, ஆளும் இல்லை, கொஞ்சம் பணம் மட்டும் இருக்கிறது என்றால், அந்த அம்மா சொன்னதைச் செய்யுங்கள், இன்றே.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் யாராவது இருவர், மாலை ஆறிலிருந்து எட்டு வரை அந்த மனைக்கு எதிரே நின்று, வேலை முடிந்து அந்த வழியாக நடந்து போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். எத்தனை மணிக்கு வருவார்கள், வீட்டில் யார் சமைக்கிறார்கள், எந்தக் காயை வாங்குவதை விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள். கதவு எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும், முதல் பாத்தியில் என்ன விதைக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.